வேட்டையாளர் கென்னத் ஆண்டர்சனும் அவர்தம் நானூற்றைந்தும்



நம் சங்கத்தின் ஆண்டு விழா மலரில் புலவர், இசைவாணர், விடுதலை வீரர் முதலியோரின் வரலாறுகளைப் படித்து மகிழ்தல் நம் குடும்பங்களின் வழக்கம். இவ்வாண்டு யாம் எடுத்துக்கொண்ட பெருமகனார் புலவரும் அல்லர், தமிழரும் அல்லர். ஸ்காத்லாந்து நாட்டு மரபில் வந்து, இந்திய மண்ணிற் பிறந்து, நம் பெங்களூரிலேயே வாழ்ந்து, இம்மண்ணிலேயே அடங்கிய ஒரு வேட்டையாளர் அவர். கென்னத் ஆண்டர்சன் என்பது அவர் திருப்பெயர்.

இவரை ஈண்டு நினைவுகூர்தற்கு இரண்டு காரணங்கள் உண்டு. முதலாவது, இவர் ஆட்கொல்லி விலங்குகளைத் தேடித் திரிந்த காடுகளுட் பல நம்மவர் வாழும் காடுகள். தளி, ஜவளகிரி, அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டை, பென்னாகரம், ஏலகிரி என்னும் பெயர்களைக் கேட்டாலே நம் சிவாஜிநகர் வாழ் குடும்பங்கள் சிலவற்றுக்குத் தம் பாட்டனார் ஊர் நினைவுக்கு வரும். இரண்டாவது காரணம் நம் இளைஞர்களைப் பற்றியது. நம் குடியிருப்பில் மாலை வேளைகளிற் கூடும் பிள்ளைகள் சிலர், எந்நாட்டில் எந்தப் புதிய ரைபிள் வெளிவந்துள்ளது, அதன் குழல்விட்டம் யாது, தோட்டாவின் வேகம் எத்துணை என்று மணிக்கணக்கிற் பேசக் கேட்கிறோம். ஆர்வம் குற்றமன்று. ஆயினும் துப்பாக்கியின் பெருமை அதன்மேற் பொறித்த எண்ணிலா, அதனை ஏந்தும் கையிலா என்னும் வினாவுக்கு இவர் வாழ்க்கையைக் காட்டிலும் தெளிவான விடை கிடைத்தல் அரிது.

பிறப்பும் கல்வியும்

ஆண்டர்சன் 1910-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 8-ஆம் நாள் ஐதராபாத்தை அடுத்த பொலாரத்தில் பிறந்தார். அவர்தம் முன்னோர் ஆறு தலைமுறைகளாக இந்தியாவில் வாழ்ந்தவர்கள். தந்தையார் படைவீரர் சம்பளக் கணக்குகளைக் கவனிக்கும் அலுவலகத்தில் பொறுப்பான பதவி வகித்தவர். ஆகவே இவரும் நம்மைப் போலவே அலுவலகக் குடும்பத்திற் பிறந்தவர் என்று கூறலாம்.

பெங்களூரில் பிஷப் காட்டன் பள்ளியிலும் செயின்ட் ஜோசப் கல்லூரியிலும் கல்வி பயின்றார். சட்டம் படித்து வருமாறு பெற்றோர் அவரை எடின்பரோ நகருக்கு அனுப்பினர். குளிரும் பனியும் சூழ்ந்த அந்நகரில் அவர் மனம் ஒட்டவில்லை. படிப்பை முடிக்காமலே தாயகம் திரும்பினார். தாயகம் என்று யாம் எழுதுவது இந்தியாவையே. முன்னோர் நாட்டிற் கிடைக்காத ஏதோ ஒன்று தென்னாட்டு மூங்கிற் புதர்களிலும் ஆற்றங்கரைகளிலும் அவருக்குக் கிடைத்தது.

திரும்பிய பின் அஞ்சல் தந்தித் துறையில் ஏறத்தாழ 15 ஆண்டுகள் பணி செய்தார். பின்னர்ப் பெங்களூர் விமானத் தொழிற்சாலையிற் சேர்ந்து, திட்டப் பிரிவின் மேலாளராக உயர்ந்தார். அவர் அரசரும் அல்லர்; சமீந்தாரும் அல்லர். வாரம் முழுதும் அலுவலகத்திற் கோப்புகளோடு மன்றாடி, விடுமுறை கிட்டியவுடன் காட்டிற்கு வண்டியைத் திருப்பிய மாதச் சம்பளக்காரர். ஆட்கொல்லி வந்துள்ளதென்று செய்தி கிடைக்கும். அலுவலகத்தில் விடுப்புக் கேட்க வேண்டும். விடுப்பு முடிவதற்குள் விலங்கைக் கண்டுபிடிக்க வேண்டும். இயலாவிடில் வெறுங்கையோடு திரும்பிவந்து மீண்டும் நாற்காலியில் அமர வேண்டும். விடுப்புக் கணக்கின் அருமை அறிந்த நமக்கு இந்நிலைமையை விளக்கத் தேவையில்லை.

ஆங்கிலம் தாய்மொழியாயினும் கன்னடமும் தமிழும் அவருக்குச் சரளமாக வந்தன. காட்டு மக்களோடு தரையில் அமர்ந்து அவர்கள் மொழியிலேயே அளவளாவும் பழக்கம் அவருக்கு இருந்தது. பிற்காலத்தில் அவர் பெற்ற புகழுக்கு அவர்தம் துப்பாக்கியைப் போலவே இம்மொழியறிவும் காரணம் என்பது எம் கருத்து.

குழல்விட்டம் என்பது யாது?

அவர்தம் துப்பாக்கியைப் பற்றிக் கூறுமுன், இதில் பழக்கமில்லாத நம் தாய்மார்களுக்கும் விளங்கும்படி ஒரு செய்தியைச் சொல்லிவிடுதல் நலம்.

இரயில் பாதையில் தண்டவாளங்களுக்கிடையே உள்ள அகலத்தைக் கேஜ் என்கிறோம். அகலப்பாதைக்கு 5 அடி 6 அங்குலம். மீட்டர் கேஜுக்கு ஏறத்தாழ 3 அடி 3 அங்குலம். முன்னாளிற் சென்னையிலிருந்து அகலப்பாதையில் பெங்களூருக்கு வந்த சரக்கு, மைசூர்ப் பக்கம் செல்ல வேண்டுமாயின் மீட்டர் கேஜ் வண்டிக்கு மாற்றி ஏற்றப்பட்டது. ஒரு பாதைக்குரிய வண்டி மறு பாதையில் ஓடாது. அவ்வாறே துப்பாக்கிக் குழலின் உள்விட்டத்திற்கும் ஓர் அளவு உண்டு. அதற்கென்று அமைந்த தோட்டாவே அதிற் செல்லும். இவ்வளவையே காலிபர் என்றும் போர் என்றும் வழங்குவர்.

ரைபிள்களில் இவ்வளவு பெரும்பாலும் அங்குலத்தின் பின்னமாகவோ மில்லிமீட்டராகவோ குறிக்கப்பெறும். அங்குலத்தை ஆயிரம் கூறாக்கினால் 405 கூறு என்பது .405. சன்னம் நிரப்பிச் சுடும் துப்பாக்கிகளுக்கு வேறு கணக்கு. ஒரு பவுண்டு ஈயத்தைப் பன்னிரண்டு சம உருண்டைகளாக்கினால் எவ்வளவு பருமன் வருமோ, அவ்வுருண்டை செல்லும் குழலே பன்னிரண்டு போர். எனவே இங்கே எண் பெருகப் பெருகக் குழல் சிறுக்கும். ரைபிளின் குழலுக்குள் திருகாணி மரையைப் போலச் சுற்றிச் செல்லும் பள்ளங்கள் உண்டு. அவற்றின் வழியே செல்லும் குண்டு பம்பரம்போற் சுழன்றுகொண்டு வெளிப்படுதலால், நெடுந்தொலைவு வரை நேராகப் பாய்கிறது.

நானூற்றைந்து

ஆண்டர்சன் தம் புகழ்பெற்ற வேட்டைகளிற் பெரும்பாலானவற்றுக்கு ஏந்தியது அமெரிக்க வின்செஸ்டர் நிறுவனத்தின் 1895-ஆம் ஆண்டு மாதிரி ரைபிள், குழல்விட்டம்.405. அதனை வடிவமைத்தவர் ஜான் பிரௌனிங் என்னும் பேரறிஞர்.

விசைக்குக் கீழே ஒரு நெம்புகோல் வளையம் இருக்கும். அதனைக் கீழ்நோக்கித் தள்ளினால் வெடித்த தோட்டாவின் வெற்றுக்கூடு வெளியே தெறிக்கும். மேலே இழுத்தால் புதிய தோட்டா குழலின் வாயிற் புகும். இதற்கு முந்திய நெம்புகோல் ரைபிள்களில் தோட்டாக்கள் குழலின் அடியில் ஒரு நீண்ட குழாயில் இரயில் பெட்டிகள் போல ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும். முன்னுள்ள தோட்டாவின் வெடிமுனையிற் பின்னுள்ள குண்டின் மூக்கு இடித்துக்கொண்டிருக்குமாதலால், கூர்மூக்குக் குண்டுகளை அவற்றில் இடுதல் ஆபத்து. பிரௌனிங் அக்குறையை நீக்கி, தோட்டாக்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும் பெட்டியை விசைக்கு முன்னே அமைத்தார். அப்பெட்டியில் .405 தோட்டாக்கள் நான்கு கொள்ளும். குழலில் ஒன்று இருப்பின் ஆக ஐந்து.

இந்த .405 தோட்டா 1904-இல் வெளிவந்தது. நெம்புகோல் ரைபிள்களுக்கென அந்நாள் வரை செய்யப்பட்டவற்றுள் இதுவே வலிமை மிக்கது. குண்டின் எடை 300 கிரெயின், அதாவது 19 கிராமுக்குச் சற்று மேல். நம் இல்லத்தரசியர் கணக்கிற் சொன்னால் இரண்டரைச் சவரனுக்குச் சற்றுக் குறைவு. குழலை விட்டுப் புறப்படும்போது வினாடிக்கு ஏறத்தாழ 2,200 அடி வேகம். மணிக்கு 100 கிலோமீட்டர் ஓடும் விரைவு வண்டி ஒரு வினாடியிற் கடப்பது 91 அடியே என்பதை ஒப்பிட்டுக் கொள்க. அமெரிக்கக் குடியரசுத் தலைவராயிருந்த தியோடர் ரூஸ்வெல்ட் 1909-இல் ஆப்பிரிக்க வேட்டைக்குச் சென்றபோது சிங்கத்திற்கென இதனையே கொண்டு சென்றார். முதல் உலகப் போரின்போது உருசிய நாடு தன் படைக்கு உரிய தோட்டாவுக்கேற்ப இதே மாதிரியில் ஏறத்தாழ 2,90,000 ரைபிள்களை வரவழைத்தது.

இத்துணைச் சிறப்பு இருப்பினும் குறைகளும் இல்லாமல் இல்லை. சுடும்போது அதன் பின்னடி தோளைக் கடுமையாக மோதும். குண்டு பருத்தது, நீளம் குறைந்தது. ஆதலின் யானை, காட்டெருது போன்ற பெருவிலங்குகளின் உடலில் ஆழ்ந்து செல்லும் வலிமை போதாது என்று அறிந்தோர் கூறுவர். தொலைதூரத்திற்கும் அது உகந்ததன்று.

நிற்க. ஆண்டர்சன் வேட்டையாடிய காலத்தில் வேறு நல்ல ரைபிள்கள் கிடைக்கவில்லையோ என்று கேட்கலாம். தாராளமாகக் கிடைத்தன. இலண்டன் நிறுவனங்களின் இரட்டைக்குழல் ரைபிள்கள் மன்னர்களின் கைகளில் விளங்கின. 1912-இல் வந்த .375 மேக்னம் உலகெங்கும் பெயர் பெற்றிருந்தது. வடநாட்டில் குமாவோன் மலைகளில் ஆட்கொல்லிகளை வேட்டையாடிய ஜிம் கார்பெட் .275 ரிக்பி ரைபிளைப் போற்றி வைத்திருந்தார். வின்செஸ்டர் நிறுவனமே 1956-இல் .458 என்னும் பெருந்தோட்டாவை வெளியிட்டது. அதற்குள் ஆண்டர்சனின் மாதிரி பழங்கதையாகிவிட்டது. 1930-களிலேயே அதன் உற்பத்தி அடங்கத் தொடங்கியிருந்தது. ஆயினும் அவர் தம் நானூற்றைந்தைக் கைவிடவில்லை.

காரணம் எளிது. அந்தத் துப்பாக்கியின் குணத்தையும் குற்றத்தையும் அவர் கை அறிந்திருந்தது. இருட்டில் நெம்புகோலின் ஓசை எவ்வளவு தூரம் கேட்கும், எத்தனை அடிக்குள் விலங்கு வந்தாற் சுடலாம், எப்போது சுடாமல் இருக்க வேண்டும் என்பவற்றைப் பல ஆண்டுப் பழக்கம் கற்பித்திருந்தது. குழலோடு ஒரு மின்கைவிளக்கைப் பொருத்தி, பரண்மேல் இரவு முழுதும் அசையாது அமர்ந்திருப்பார். கொசு கடிக்கும், கால் மரத்துப்போகும், இருமல் வந்தாலும் அடக்க வேண்டும். புதிய துப்பாக்கியைக் காசு கொடுத்து வாங்கலாம். இப்பொறுமையை எக்கடையில் வாங்குவது?

நம் ஊர்களின் துயர்

இப்போது கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களாக உள்ள பகுதிகள் அந்நாளிற் சேலம் மாவட்டத்தைச் சேர்ந்தவை. அங்கே தளியை ஒட்டிய கும்மளாபுரம் என்னும் ஊரில் ஒரு சிறுத்தை மக்களைக் கொல்லத் தொடங்கியது. அது கொன்றவர் தொகை 42 என்று கூறப்படுகிறது. பொழுது சாயுமுன்னரே கதவடைத்து மக்கள் உள்ளே ஒடுங்கினர். இயற்கை உபாதைக்கும் வெளியே வர அஞ்சினர். ஏழைகளின் வீட்டுக் கதவு மூங்கில் தட்டிதானே? கூரையும் புல்தானே? சிறுத்தைக்கு அவை ஒரு தடையாகவில்லை. 42 என்று எண்ணாக எழுதிவிடுகிறோம். ஒவ்வொன்றும் ஒரு வீட்டின் விளக்கு அணைந்த கதை என்பதை மறத்தலாகாது.

ஆண்டர்சன் அவ்வூரில் இரவுகளைக் காவலிற் கழித்தார். அப்படி ஓர் இரவில் ஊர்நாய் ஒன்று குளிருக்கு அஞ்சி அவர் அருகே வந்து ஒட்டிப் படுத்துக்கொண்டது. மனிதக் காதுக்கு எட்டாத காலடியை அந்நாய் உணர்ந்து உறுமியது. அவ்வெச்சரிக்கையால் அவர் உயிர் பிழைத்தார், சிறுத்தை வீழ்ந்தது. சோறு போட ஆளில்லாத அந்நாயை அவர் தம்முடன் பெங்களூருக்கு அழைத்து வந்து, நிப்பர் என்று பெயரிட்டு வளர்த்தார். நன்றி மறவாமை நாய்க்கு மட்டும் உரிய குணமன்று என்பதற்கு இது சான்று.

ஜவளகிரியில் வழிநடையாளர்களையும் ஆடுமாடு மேய்ப்பாரையும் கொன்று வந்த பெண்புலியை அவர் வீழ்த்திய முறை வியப்புக்குரியது. ஆண்புலியின் அழைப்பொலியைத் தம் தொண்டையாலேயே எழுப்பி, மறுமொழி கூறிக்கொண்டு வந்த அப்புலியை எதிர்நின்று சுட்டார். இவ்வித்தைக்கு எந்த நிறுவனத்தின் விலைப்பட்டியலிலும் இடமில்லை.

நாம் சென்னை செல்லும் வண்டியில் ஜோலார்ப்பேட்டை சந்திப்பை நெருங்கும்போது சாளரத்தின் வழியே தோன்றும் ஏலகிரி மலையிலும் ஓர் ஆட்கொல்லிச் சிறுத்தையைப் பற்றிய அவர்தம் வரலாறு உண்டு. ரேணிகுண்டாவை அடுத்த மாமண்டூர், நீலகிரி அடிவாரத்துச் சேகூர் என்று, அவர்தம் நூல்களில் வரும் ஊர்ப்பெயர்களைத் தொகுத்தால் தென்னாட்டு இரயில் அட்டவணையின் ஒரு பகுதியே கிடைத்துவிடும்.

கன்னட நாட்டில் அரசிகெரே சந்திப்புக்குக் கிழக்கே 1957-இல் ஒரு கரடி வெறிகொண்டு திரிந்தது. கரடி மனிதரைக் கொன்று தின்னும் இயல்பினதன்று. எனினும் இது பன்னிரண்டு பேரையேனும் கொன்றது. பலரின் முகத்தைக் கீறிக் குருடாக்கியது. அங்கிருந்த தர்காவின் காவலர் ஒருவர் தம் இளம் மகனை அக்கரடிக்குப் பறிகொடுத்தார். அவருடைய துயர் கேட்டு ஆண்டர்சன் புறப்பட்டார். முதல் முறை கரடி அகப்படவில்லை. இரண்டாம் முறையும் அகப்படவில்லை. மூன்றாம் முறை சென்றபோதே அதனை முடிக்க இயன்றது. தோல்வியை மறைக்காமல் அவர் எழுதிவைத்த இப்பகுதி, வெற்றிகளைக் காட்டிலும் எமக்கு விருப்பமானது.

அரசுப் பதிவேடுகளின்படி 1939 முதல் 1966 வரை அவர் சுட்ட ஆட்கொல்லிகள் சிறுத்தை 8, புலி 7. அரசு அறிவித்த மதயானைகளும் உண்டு.

காயம் பட்ட விலங்கு

ஆட்கொல்லி எவ்வாறு உண்டாகிறது? இவ்வினாவுக்கு ஆண்டர்சன் தம் நூல்களில் மீண்டும் மீண்டும் கூறும் விடையை நம் இளைஞர்கள் மனத்திற் பதித்துக்கொள்ள வேண்டும். புலியோ சிறுத்தையோ இயல்பாக மனிதனைக் கண்டால் ஒதுங்கிப் போகும். முள்ளம்பன்றியின் முள் காலில் ஆழப் புகுந்தோ, முதுமையாற் பல் தேய்ந்தோ மான் துரத்த இயலாமற் போனால் அது எளிய இரையைத் தேடும். இவை இயற்கையாய் நேர்வன. ஆனால் மற்றொரு காரணமும் உண்டு. அதுவே மனிதனின் அவசரக் குண்டு.

பகட்டுக்காகத் துப்பாக்கி வாங்கியவன் ஒருவன் வண்டியில் அமர்ந்தவாறே இருட்டிற் பளபளக்கும் கண்களைக் குறிவைத்துச் சுடுகிறான். குண்டு தாடையிலோ காலிலோ படுகிறது. விலங்கு புதருக்குள் மறைகிறது. சுட்டவன் அதனைத் தொடர்ந்து செல்ல அஞ்சி வீடு திரும்பி உறங்குகிறான். சில வாரங்கள் கழித்து, சுட்டவனுடைய முகத்தையே பார்த்திராத ஓர் ஊரில், விறகு பொறுக்கச் சென்ற ஒரு தாய் திரும்பி வருவதில்லை. அக்கொலைக்குப் பொறுப்பு புலியுடையதா, அவனுடையதா? எதிரிலுள்ள விலங்கிற்குச் சற்றும் போதாத சிறு குண்டைச் சுடுவோனும் இப்பழிக்கு உரியவனே. பெருந்தோட்டாவை வைத்துக்கொண்டு குறி தவறுவோனும் அவ்வாறே. எனவே குழல்விட்டம் பற்றிய பேச்சு வெறும் பொழுதுபோக்கன்று. அறநெறியும் அதில் அடங்கியிருக்கிறது.

காயம் பட்ட விலங்கைக் காட்டில் விட்டு வருதல் ஆகாது. உயிருக்கு இடர் நேரினும் இரத்தத் தடம் பற்றிச் சென்று அதன் துன்பத்தை முடித்தே திரும்ப வேண்டும் என்பது அந்நாளைய நல்ல வேட்டையாளரின் நெறி. ஆண்டர்சன் அந்நெறியிற் கண்டிப்பானவர். புதருக்குள் ஐந்தடி தொலைவில் யாது இருக்கிறதென்று தெரியாமல் நடக்கும்போது, கையில் உள்ள துப்பாக்கி நேற்று வாங்கிய புது மாதிரியாக இருப்பதைக் காட்டிலும் பத்தாண்டு பழகிய பழையதாக இருத்தல் நல்லது என்பதை யாரும் ஒப்புவர்.

காட்டு நண்பர்கள்

வேட்டையாளர் பலர் தம் வரலாற்றை எழுதும்போது உடன் வந்த நாட்டு மக்களைச் சுமை தூக்குவோராக மட்டும் காட்டுவர். ஆண்டர்சன் அவ்வாறு செய்தாரல்லர். பென்னாகரம் பகுதியில் முத்தூர்க் காட்டில் வாழ்ந்த பைரன் என்னும் பூசாரி அவர்தம் உற்ற தோழர். சின்னாற்றங்கரை மண்ணைக் குடைந்து அமைத்த குழியே பைரனுக்கும் அவர் குடும்பத்துக்கும் வீடு. உடுப்பதற்கு ஒரு முழத்துணி. ஆயினும் ஒடிந்த புல் ஒன்றைப் பார்த்து, எவ்விலங்கு எப்போது எத்திசையிற் சென்றது என்று கூறுவார். தமக்குக் காட்டைக் கற்பித்த ஆசான்களுள் ஒருவராகவே ஆண்டர்சன் அவரைப் போற்றினார். இரங்கன் என்னும் மற்றொரு வேட்டைத் துணைவரும் அவ்வாறே அவர்தம் நூல்களில் நிலைபெற்றுள்ளார்.

உயர்ந்த பள்ளியிற் படித்து, கடல் கடந்து சென்று வந்த ஒருவர், எழுத்தறியாத ஒரு பழங்குடி மகனை ஆசானாகக் கொண்டார். அந்நாளில் வெள்ளையருக்கும் நம்மவர்க்கும் இடையே இருந்த இடைவெளியை நினைத்துப் பார்த்தால் இதன் அருமை புலப்படும்.

எழுத்தும் மனமாற்றமும்

1954-இல் அவர்தம் முதல் வேட்டை நூல் இலண்டனில் வெளிவந்தது. ஒன்பது ஆட்கொல்லிகளும் ஒரு மதயானையும் என்பது அதன் தலைப்பின் பொருள். அதனைத் தொடர்ந்து 1957, 1959, 1961, 1964, 1967, 1970 ஆகிய ஆண்டுகளிலும் காட்டு நூல்கள் வந்தன. இறுதி நூல் அவர் மறைந்த பின் 1976-இல் வெளியாயிற்று. தேன்கனிக்கோட்டையை அடுத்த சிவனிப்பள்ளி என்னும் சிற்றூரின் பெயர், அங்கே திரிந்த ஒரு கருஞ்சிறுத்தையின் வாயிலாக உலகெங்கும் பரவியது. நிகழ்ந்தவற்றோடு சற்றுச் சுவை கூட்டி எழுதினார் என்போரும் உளர். ஆயினும் அவர் காட்டும் ஓடைகளையும் வழித்தடங்களையும் இன்றும் தேடிச் சென்று கண்டு மகிழும் அன்பர்கள் பலர். கன்னட மொழியின் சிறந்த எழுத்தாளராகிய பூர்ணசந்திர தேஜஸ்வி இவ்வரலாறுகளைக் கன்னடத்திற் படைத்தளித்துள்ளார் என்பது நம் அண்டை வீட்டாரின் இரசனைக்குச் சான்று.

ஆண்டுகள் செல்லச் செல்ல ஆண்டர்சனின் எழுத்தில் ஒரு துயரம் படிந்தது. காடு சுருங்கிற்று. நிலாக் காலங்களில் வண்டிகளில் வந்து விளக்கடித்து மான்களைச் சுடுவோர் பெருகினர். பயிர்ப் பூச்சிக்கென விற்கப்பட்ட நஞ்சைப் புலி கொன்று வைத்த மாட்டின்மேற் பூசி, புலியையும் குட்டிகளையும் கழுகுகளையும் ஒருசேரக் கொல்லும் கொடுமை பரவியது. முன்னே புலியிடமிருந்து மக்களைக் காத்தவர், இப்போது மக்களிடமிருந்து புலியைக் காக்க வேண்டும் என்று எழுதத் தலைப்பட்டார். ஆட்கொல்லி என்று உறுதிப்படாத விலங்கைச் சுடுவதில் அவருக்கு விருப்பமற்றுப் போயிற்று. துப்பாக்கிக்கு மாறாகப் புகைப்படக் கருவி அவர் கைக்கு உவப்பாயிற்று.

அவர் வாழ்நாளின் இறுதியில் நாட்டின் சட்டமும் அவ்வழியே வந்தது. 1970-இல் புலி வேட்டை தடை செய்யப்பட்டது. 1972-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது. 1973-இல் புலிகள் காப்புத் திட்டம் தொடங்கப்பெற்றது. அடுத்த ஆண்டு, 1974 ஆகஸ்டு 30-ஆம் நாள், புற்றுநோயால் வருந்திய ஆண்டர்சன் தம் 64-ஆம் வயதிற் பெங்களூரிற் காலமானார். ஓசூர்ச் சாலைக் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்யப்பட்டார். எக்காடுகளை நோக்கி அவர் ஆண்டுதோறும் வண்டியோட்டிச் சென்றாரோ, அக்காடுகளுக்குச் செல்லும் சாலையின் ஓரத்திலேயே அவர் துயில்கிறார். அவர்தம் மைந்தர் டொனால்டு ஆண்டர்சனும் பெயர் பெற்ற வேட்டையாளரே. அவர் 2014-இல் மறைந்தார்.

ஆண்டர்சனின் காடுகள் முற்றும் அழிந்துவிடவில்லை என்பது நமக்கு ஆறுதல். தமிழக அரசு 2014-இல் காவிரி வடக்கு வனவிலங்குச் சரணாலயத்தையும், 2022-இல் ஏறத்தாழ 686 சதுரக் கிலோமீட்டர் பரப்பில் காவிரி தெற்கு வனவிலங்குச் சரணாலயத்தையும் கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களில் அறிவித்தது. ஜவளகிரி, அஞ்செட்டி முதலிய காடுகள் இன்று அச்சட்டத்தின் காவலில் உள்ளன.

நம் இளைஞர்க்கு ஒரு சொல்

நானூற்றைந்தும் முற்றும் மறையவில்லை. இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் வின்செஸ்டர் நிறுவனம் அப்பழைய மாதிரியை மீண்டும் வெளியிட்டது. தோட்டாவும் மீண்டும் செய்யப்பட்டது. நூறாண்டுக்கு முந்திய அமைப்பு, புதிய மாதிரி என்னும் பெயரோடு கடைக்கு வந்தது. புதுமை என்று நாம் வியப்பவற்றுட் பல பாட்டன் காலத்துச் சரக்கே என்பதற்கு இதுவும் ஓர் எடுத்துக்காட்டு.

நம் நாட்டில் வனவிலங்கு வேட்டைக்கு இடமில்லை. 1959-ஆம் ஆண்டுப் படைக்கலச் சட்டத்தின்படி உரிமம் இன்றித் துப்பாக்கி வைத்திருத்தலும் குற்றம். 2019-இல் அச்சட்டம் திருத்தப்பட்ட பின் ஒருவர் இரண்டு துப்பாக்கிகளுக்கு மேல் வைத்திருத்தலும் இயலாது. ஆயினும் குறிபார்த்தலில் ஆர்வமுள்ள பிள்ளைகளுக்கு வழி அடைபட்டுவிடவில்லை. காற்றழுத்தத்தாற் சுடும் 4.5 மில்லிமீட்டர் ரைபிளைக் கொண்டு 10 மீட்டர்த் தொலைவிற் குறிபார்க்கும் விளையாட்டில் அபினவ் பிந்திரா 2008-இல் ஒலிம்பிக் தங்கம் வென்றார். கடலூரிற் பிறந்து குசராத்தில் வளர்ந்த இளவேனில் வாலறிவன் 2019-இல் உலகக் கோப்பைப் போட்டியில் அதே விளையாட்டில் தங்கம் பெற்றார். நம்மைப் போலவே தாய்மண் விட்டுப் புலம்பெயர்ந்த தமிழ்க் குடும்பத்துப் பெண்மணி அவர். 2024-இல் பாரிசு ஒலிம்பிக்கில் 50 மீட்டர் ரைபிள் போட்டியில் வெண்கலம் வென்ற ஸ்வப்னில் குசாலே இரயில்வேயில் பயணச்சீட்டுப் பரிசோதகராகப் பணியாற்றியவர் என்பதை எழுதும்போது எம் நெஞ்சு சற்றே நிமிர்கிறது, வாசகர் பொறுத்தருள்க.

இவர்கள் எவரும் துப்பாக்கியின் எண்ணைச் சொல்லிப் பெயர் பெற்றவர் அல்லர். மூச்சை அடக்கவும், கையை நிலைநிறுத்தவும், விசையை அழுத்தக்கூடாத வேளையில் அழுத்தாமல் இருக்கவும் கற்றவர்கள். ஆண்டர்சன் பரண்மேல் இருளில் அமர்ந்து கற்றதும் அதுவே. குண்டு குழலை விட்டு நீங்கிய பின் எவராலும் அதனைத் திரும்ப அழைத்தல் இயலாது. அது எங்கே சென்று சேரும், யாரைத் தாக்கும், தாக்கியபின் என்ன விளையும் என்பவற்றை முன்னரே எண்ணிப் பார்ப்பவனே துப்பாக்கி ஏந்தத் தகுதியுடையவன். புதிய மாதிரிகளைப் பற்றி நம் பிள்ளைகள் பேசட்டும்; பேசும்போது கும்மளாபுரத்தின் அந்த நாற்பத்திரண்டு வீடுகளையும் சற்றே நினைக்கட்டும்.

வாழிய தமிழ், வளர்க நம் சங்கம்.